ஒரு வான், முந்நூறு ஓட்டுநர்கள்

அத்தியாயம் 3

"எனக்கு ஒரு கொலைகாரன் கிடைச்சாலும் பரவாயில்லை," என்றாள் அந்தப் பெண். "திங்கட்கிழமைக்குள்ளை ஆரையாவது பிடிச்சுத் தாங்கோ."

பீல் நகரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி. வாசலில் 'லக்ஷ்மணன், தனியார் புலனாய்வு' என்று பலகை. வெள்ளிக்கிழமை காலை. கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

லக்ஷ்மணனுக்கு முப்பத்தேழு வயது, இன்னும் கலியாணமாகவில்லை. காப்புறுதி நிறுவனமொன்றில் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அங்கே கொடுத்த சம்பளமும் பொய்யாகத் தோன்றியதால் தனிக்கடை போட்டான். அவனுடைய உதவியாளர் பத்மினி அக்காவுக்கு ஐம்பது. கடிகாரத் தொழிற்சாலையில் இருபது வருடம் முள் பொருத்தியதால் கண் கூர்மை. வாய்க்கு மட்டும் எந்தத் தொழிற்சாலையிலும் தரப் பரிசோதனை நடந்ததில்லை.

"கொலைகாரர் இந்தக் கிழமை கையிருப்பிலை இல்லை, பிள்ளை," என்றார் பத்மினி. "தேத்தண்ணி இருக்குது. குடிக்கிறீரோ?"

அவள் பெயர் யதுஷா. பீலிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்டோன் எனப்படும் மாநிலங்கள் சில ஒன்றுசேர்ந்து பரீட்சார்த்தமாக நடத்தும் ஓட்டுநர் பதிவுக் கண்காணிப்புப் பிரிவுக்கு இரண்டு வருடமாகப் பொறுப்பதிகாரி. ஓட்டுநர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் அவர்களுடைய பெயர்களைக் கையெழுத்தோடு அங்கே பதிந்துவிட்டால் போதும். அவர்களில் யாராவது குடித்துவிட்டு ஓட்டி அகப்பட்டாலோ, வேகமாகப் போய் லைசென்ஸைப் பறிகொடுத்தாலோ, அந்தச் செய்தி உடனே முதலாளிக்குப் போய்விடும். முதலாளி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. செலவு முழுக்க அரசாங்கத்தின் தலையில்.

"கொம்பியூட்டரை மட்டும் நம்பேலாது எண்டு சட்டம்," என்றாள் யதுஷா. "ஒவ்வொரு ஓட்டுநரின்ரை பதிவையும் மாசம் ஒருக்கா ஒரு ஆள் திறந்து பாக்கவேணும். ஏதும் மாறியிருந்தால் பதிவுத் தபாலிலை அனுப்பவேணும். இந்த வருஷத்துக் காசு மார்ச்சோடை முடிஞ்சுது. ஏன் முடிஞ்சது எண்டு ஆராய ஒரு நிபுணரைப் பிடிச்சம். அவருக்குக் குடுத்ததோடை அவசரத்துக்கு வச்சிருந்ததும் முடிஞ்சுது."

"அவர் என்னத்தைக் கண்டுபிடிச்சவர்?" என்று கேட்டான் லக்ஷ்மணன்.

"செலவு கூடிப்போச்சு எண்டு."

பத்மினி மரியாதையோடு தலையாட்டினார். அப்படி ஒரு வேலை தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் முகத்தில் தெரிந்தது.

செலவு எங்கே போகிறது என்பதை யதுஷாவே கண்டுபிடித்துவிட்டாள். ஆராவ் நகரத்தில் ஒரு தமிழ்க் கடை. கடையோடு சேர்ந்து ஒரு டெலிவரி நிறுவனம். அதற்குச் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு வான். பதிந்திருக்கும் ஓட்டுநர்கள் முந்நூறு பேர்.

"ஒரு வானுக்கு முந்நூறு பேரோ!" என்றார் பத்மினி. "ஒருத்தர் கியர் போட, ஒருத்தர் கோர்ன் அடிக்க, மிச்சப் பேர் பின்னாலை நிண்டு தள்ளுறவையாக்கும்."

யதுஷா சிரிக்கவில்லை. "என்ரை மேலதிகாரி ஹெர் ஸ்டுக்கி 'உங்கள் ஆட்கள்' எண்டு சொன்னவர். இந்தத் திட்டத்தை நாங்கள் ஒரு இடத்திலையும் விளம்பரம் செய்யேல்லை. பெரிய கொம்பனியளுக்கு மட்டும் கடிதம் போட்டனாங்கள். ஆனா முதல் கிழமையே அந்தக் கடை வந்து சேர்ந்திட்டுது. உள்ளுக்குள்ளை இருந்து ஆரோ சொல்லியிருக்கினம் எண்டு அவர் நினைக்கிறார். உள்ளுக்குள்ளை இருக்கிற ஒரே தமிழ் ஆள் நான்."

திங்கட்கிழமை ஆணைக்குழு கூடுகிறது. அதற்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள், அவள்மீது விசாரணையும் வைப்பார்கள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றபோது அவளுடைய குரல் உடைந்தது. லக்ஷ்மணனுக்கு மனம் இளகிவிட்டது. காப்புறுதியில் அவன் பார்த்த பொய்யர்கள் எல்லோரும் அழுது முடித்துவிட்டுத் தேநீரையும் குடித்து முடிப்பார்கள். இவளுடைய கோப்பை அப்படியே ஆறிப்போயிருந்தது.

"நீங்களே கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாமே?"

"நான் போனால் பின்னேரத்துக்குள்ளை லா ஷோ-து-ஃபோன் ஊர் வரைக்கும் கதை போயிடும்."

ஓட்டுநர்களின் பெயர்களை அவள் தரவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று சாமியின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். வயதையும், சேர்ந்த விலகிய திகதிகளையும் மட்டும் சொன்னாள். அத்தனை பேரும் ஆண்கள். இருபத்தாறுக்குக் கீழே ஒருவரும் இல்லை. முப்பத்தெட்டுக்கு மேலே கடைக்காரரைத் தவிர யாருமில்லை. ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடு வரைக்கும் ஒருவரும் வேலையை விடுவதில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் அதே கதை. அது கழிந்ததும் கூட்டம் கூட்டமாக விலகுகிறார்கள்.

"விலகினவை பிறகு திரும்பிச் சேருவினமோ?" என்றான் லக்ஷ்மணன்.

"இல்லை. ஒரேயொரு ஆள் மட்டும் ஆறு மாசத்திலை திரும்பி வந்தவர்."

பத்மினி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, போனவங்கள் ஒருத்தரும் திரும்பேல்லை. பிள்ளை கேட்ட கொலைகாரன் கிடைச்சிட்டான். கோடையிலையும் நத்தாரிலையும் லீவு எடுக்கிற கொலைகாரன்."

"ஹெர் ஸ்டுக்கி கடத்தல் எண்டுறார்," என்றாள் யதுஷா. "பனியிலை மலைப்பாதை மூடியிருக்குமாம், அதாலைதான் அந்த இடைவெளியாம்."

"ஜூலையிலையும் பனி கொட்டுமோ எண்டு அவரைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. மேலதிகாரிகளிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

* * *

ஆராவுக்கு ரயிலில் போனார்கள். அண்மைக் காலமாக லக்ஷ்மணன் எங்கே போனாலும் ரயில்தான். கேட்டால் சுற்றுச்சூழல் என்பான். சுற்றுச்சூழலைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசுகிறவன் அலுவலகத்தில் விளக்கை அணைக்காமலே போகிறானே என்று பத்மினிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சம்பளம் கொடுக்கிறவனை எவ்வளவுதான் கிண்டுவது என்று விட்டுவைத்திருந்தார்.

கடைக்குள் முருங்கைக்காயும் குளிரூட்டிய மீனும் குத்தரிசியும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் தில்லைநாதன், முதலாளி. பத்மினி வானைப் பார்க்கக் கொல்லைப்புறம் நழுவினார். லக்ஷ்மணன் முதலாளியை நெருங்கி, ஓட்டுநர் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றான்.

தில்லைநாதன் அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். பிறகு பல்லைப் பார்த்தார்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

"அப்பா அளவெட்டி. அம்மா சுன்னாகம்."

"எத்தினை சகோதரம்?"

"ஒரு தங்கச்சி. கலியாணம் கட்டியிட்டா."

"நல்லது, நல்லது," என்று மனதாரச் சொன்னார். "நட்சத்திரம்?"

"அனுஷம்."

திரும்பி வந்த பத்மினியின் காதில் அது விழுந்துவிட்டது. "அண்ணை, அரிசி மூட்டை கொண்டுபோறதுக்கு நட்சத்திரம் என்னத்துக்கு?"

"ஓடுறவருக்கு நேரம் நல்லா இருக்கவேணுமெல்லோ, தங்கச்சி."

அவர் லைசென்ஸ் கேட்கவில்லை என்பதை லக்ஷ்மணன் கவனித்துக்கொண்டான். கேட்காததில் கொஞ்சம் நிம்மதியும் அடைந்தான். பத்மினி அவன் காதுக்குள், "வானுக்குள்ளை வெங்காயம் முளைச்சு ஒரு முழம் நிக்குது. அது ஓடிக் கன காலம்," என்றார்.

அப்போது ஒரு அம்மா உள்ளே வந்து, இரண்டு முருங்கைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்த குரலில் கேட்டார்: "அண்ணை, அந்த லோசானிலை இருக்கிற பல் டொக்டர் எப்பிடி?"

"பச்சை."

"முழுக்கவோ?"

"சேர்ந்த நாளிலை இருந்து பச்சை. கண்ணாடி மட்டும் போடவேணும், அது லைசென்ஸிலையே இருக்குது."

"மற்ற ஆள்? பேர்ண் பாங்க் காறர்?"

தில்லைநாதன் பெருமூச்சு விட்டார். "சிவப்பு. நத்தாருக்கு அடுத்த நாள் பொலிஸ் மறிச்சு ஊதச் சொல்லியிருக்கு."

"ஐயோ! குடியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. அரசாங்கம் சொல்லுது."

அந்த அம்மா பெரிய ஆபத்திலிருந்து தப்பியவராக நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வெளியேறினார். முருங்கைக்காய்க்குக் காசு கொடுக்க மறந்துவிட்டார். தில்லைநாதனும் கேட்கவில்லை.

லக்ஷ்மணனின் பார்வை தில்லைநாதனின் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய கலண்டரில் போய் நின்றது. முருகன் படத்துக்குக் கீழே அந்த வருடத்து முகூர்த்த நாட்கள் மாதவாரியாக அச்சாகியிருந்தன. இரண்டு மாதங்களுக்கு நேரே வெற்றிடம். அவன் அதைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு தன்னையே நொந்துகொண்டான், காலையிலேயே இது உறைத்திருக்க வேண்டும்.

"அண்ணை, உங்கடை டிரைவர்மார் ஆடியிலை வேலையை விடமாட்டினம், மார்கழியிலையும் விடமாட்டினம். ஏனெண்டால் அந்த மாசங்களிலை ஒருத்தரும் கலியாணம் கட்டுறேல்லை."

பத்மினி வாயைப் பொத்திக்கொண்டார். வேலை செய்யும் நாட்களில் அவர் வாய் தானாக மூடியது அன்றுதான் முதல் தடவை.

"நீங்கள் கலியாணப் புரோக்கர்," என்றான் லக்ஷ்மணன். "அந்த முந்நூறு பேரும் மாப்பிள்ளைமார். கட்டின உடனை பேரை வெட்டிப்போடுறியள்."

"கட்டினாப் பிறகு கண்காணிக்கிறது பெண்சாதியின்ரை வேலையெல்லோ, தம்பி."

"ஆறு மாசத்திலை திரும்பிச் சேர்ந்த அந்த ஆள்?"

"அது சரிவரேல்லை." தில்லைநாதனின் முகம் வாடிவிட்டது. "பாவம், தங்கமான பெடியன். பச்சை."

அவரிடம் குற்றவுணர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பாளருக்கு இருக்கவேண்டிய பெருமைதான் இருந்தது. முன்பெல்லாம் ஒரு மாப்பிள்ளையை விசாரிப்பதென்றால் என்ன பாடு என்று அவர் சொல்லத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் கேட்டால் தங்கமான பெடியன் என்பார்கள். கூட வேலை செய்கிறவனைக் கேட்டாலும் தங்கமான பெடியன். கோயிலில் கேட்டால் இன்னும் மோசம், சொக்கத் தங்கம் என்பார்கள். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் தங்கம் போத்தலோடு வீட்டுக்கு வரும்.

"சனம் பொய் சொல்லும், தம்பி. இந்த அரசாங்கம் பொய் சொல்லாது. அதுவும் இலவசமா, மாசா மாசம், பதிவுத் தபாலிலை! இப்பிடி ஒரு சேவையை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

"ஓட்டுநர் கையெழுத்துப் போட்டால்தானே பதியலாம்? அது எப்பிடி?"

"தாய்மார் வாங்கித் தருவினம். சாதகக் குறிப்போடை லைசென்ஸ் கொப்பியும் கையெழுத்தும் சேர்ந்து வரும். தேர்த் திருவிழாவுக்கு வாகனம் ஓட ஆள் வேணுமாம் எண்டு சாப்பாட்டுக்கு நடுவிலை நீட்டினால் எந்தப் பெடியன் வாசிச்சுப் பாக்கிறான்?"

லக்ஷ்மணனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மா வீட்டில், நண்டுக் குழம்பு. ஒரு கை குழம்பில் இருக்க மற்றக் கையால் அவன் எதிலோ கையெழுத்து வைத்திருந்தான்.

தில்லைநாதன் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி அவனை உற்றுப் பார்த்தார். "அளவெட்டி, அனுஷம், ஒரு தங்கச்சி. பொறும் பொறும். நீர் ஏற்கெனவே எங்கடை டிரைவரெல்லோ!"

"ஆர் இவரோ?" என்றார் பத்மினி, கண்கள் பளபளக்க.

"துப்பறியிற வேலை. பீல். போன வருஷமும் சிவப்பு, இந்த வருஷமும் சிவப்பு. இப்ப மூண்டு மாசம் லைசென்ஸ் இல்லை."

மனைவியை ஏமாற்றிய ஒரு கணவனைத் துரத்திக்கொண்டு முப்பதில் போகவேண்டிய தெருவில் அறுபதில் போனது உண்மை. அதை அவன் பெற்ற தாய்க்கே சொல்லவில்லை. ஐந்து பெண்வீட்டார் பேசிவிட்டுத் திரும்பிப் போனதற்குத் தன் தொழில்தான் காரணம் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தான். இப்போது வெட்கம் காது மடல் வரைக்கும் ஏறியது.

"அப்ப சுற்றுச்சூழல்?" என்றார் பத்மினி.

"அக்கா, பிறகு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வந்த கேள்வியைக் கேட்டான். "அண்ணை, இந்தத் திட்டம் இருக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"யோகாம்பாள் அக்கா. பீலிலை இருக்கிறா. அவவின்ரை மகள்தான் அந்தப் பகுதிக்குப் பெரியவ. வேலையாலை வந்து சாப்பிடேக்கை பிள்ளை தாயிட்டைச் சொல்லியிருக்கு. தாய் அடுத்த ரயிலிலை ஏறி என்னட்டை வந்திட்டா." அவர் பெருமிதமாகச் சிரித்தார். "அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை தேடத்தான் இவ்வளவும் தொடங்கினது. மற்றச் சனம் பிறகு வந்து சேர்ந்தது."

* * *

திரும்பும் ரயிலில் ஏறினார்கள். விஷயம் பாரமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பிரிவு பிழைக்கும். ஆனால் அந்த உண்மை யதுஷாவையே மாட்டிவிடும்.

"புரோக்கர் கதையோடை நிப்பாட்டும், தம்பி," என்றார் பத்மினி. "தாயின்ரை கதை வேண்டாம். பிள்ளை பாவம்."

லக்ஷ்மணனும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் அலுவலகத்தில் காத்திருந்த யதுஷாவின் முகத்தைக் கண்டதும் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். மாப்பிள்ளைகள் என்றதும் அவள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

"நானும் அந்தப் பட்டியலிலை இருக்கிறன்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியும். சட்டப்படி சொல்லேலாது. அதாலைதான் உங்களிட்டை வந்தனான், அந்தக் கொம்பனிக்குள்ளை ஒரு ஆள் வேணுமெல்லோ."

பிறகு அவன் யோகாம்பாள் என்ற பெயரைச் சொன்னான். சிரிப்பு நின்றது.

"நான் அம்மாவுக்குத்தான் சொன்னனான்," என்றாள் மெதுவாக. "அம்மாவுக்குச் சொல்றதும் ஒரு சொல்றதோ?" பிறகு, "அம்மா ஆருக்கு மாப்பிள்ளை தேடினவ?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு."

சைக்கிள் கடையில் யாரோ மணியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மினி அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "புரோக்கர் எண்டு மட்டும் சொல்லும், பிள்ளை. ஆர் சொன்னது எண்டு ஒருத்தரும் தேடமாட்டினம்."

"தேடமாட்டினம்," என்றாள் யதுஷா. "ஆனா மாசா மாசம் சனத்தின்ரை பிழையளைத் திறந்து பாத்து முதலாளிமாருக்கு அறிவிக்கிறவள் நான். என்ரை பிழையை மட்டும் நான் எப்பிடி மூடிவைக்கிறது?"

அங்கேயே ஹெர் ஸ்டுக்கியை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, ஜெர்மனில், ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வாயால்தான் செய்தி வெளியே போனது என்பதையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. லக்ஷ்மணனுக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

பிறகு ஸ்டுக்கி பேசினார். அந்த முந்நூறு பேரையும் நீக்கிவிட்டால் செலவு பழைய நிலைக்கு வந்துவிடும், பிரிவை மூடத் தேவையில்லை என்றார். அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். ஆணைக்குழுவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தபோது, குரலைத் தாழ்த்தி இழுத்தார்.

"நீக்குவதற்கு முன்னால் ஒரு விஷயம், யதுஷா. என் மகள் தூன் நகரத்தில் ஒரு பையனோடு பழகுகிறாள். ஏதோ சிவப்புக் கார். மிகவும் வேகமாக ஓட்டுகிறான் என்று என் மனைவிக்குக் கவலை. அந்த ஆராவ் நிறுவனத்தில் இன்னும் ஒரு ஓட்டுநரைச் சேர்க்க முடியுமா?"

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம் முழுவதும் யதுஷாவின் முகத்தில் ஏறியது. 'உங்கள் ஆட்கள்' என்று சொன்ன அதே வாய் அல்லவா இது?

"அந்தப் பையன் என்னவென்று தெரிந்து, தானே கையெழுத்து வைத்தால் சேர்க்கலாம், ஹெர் ஸ்டுக்கி. அதுதான் சட்டம்," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள்.

"பிடியுங்கோ கையை!" என்றார் பத்மினி. ஆனால் யதுஷா அடுத்த இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். தாயை அழைத்தாள். இதையும் ஸ்பீக்கரில்தான் போட்டாள். தனியாகக் கேட்கத் துணிவு இல்லை.

"அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். முந்நூறு பேரை அரசாங்கத்தைக் கொண்டு விசாரிச்சியள். என்னை ஒருக்கா, ஒரேயொருக்கா, கேட்டனீங்களோ?"

மறுமுனையில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கும் சத்தமும் கேட்டது.

"சரி," என்றார் யோகாம்பாள். "இப்ப கேக்கிறன். உனக்கு ஆரைப் பிடிச்சிருக்கு? ஆரெண்டாலும் சொல்லு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"ஒருத்தரையும் இல்லை அம்மா. எனக்கு இப்ப கலியாணமே வேண்டாம். ஒருக்காக் கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு வந்த குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. உண்மையிலேயே விளங்காத ஒருவரின் துக்கம் இருந்தது.

"அப்ப அவ்வளவு பெடியளும் பிழை விடாமல் கார் ஓடினது சும்மாவோ?"